மருத்துவ மேதை இமாம் இப்னுந் நஃபீஸ் (ரஹ்): நோயாளி எனும் அமானிதம்

 



சில ஆண்டுகளுக்கு முன்னர், நோயுற்றிருந்த நம் மஹல்லாவாசி ஒருவரை நலம் விசாரிப்பதற்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அவர் இருந்த அறையில் அடுத்தடுத்த படுக்கைகளில் ஒரே பெயருடைய இருவர் இருந்தனர். மருந்து கொண்டுவந்த செவிலியர் பெயரைச் சொல்லி அழைத்தார். நம்மவர் ஆம் என்று கை நீட்டினார். அடுத்த படுக்கைக்காரருக்குரிய சர்க்கரை நோய் மாத்திரையை, அந்நோயே இல்லாத இவர் விழுங்கிவிட்டார். அன்றிரவு உடல் வியர்த்து, நினைவிழந்து, அல்லாஹ்வின் கிருபையால் மயிரிழையில் உயிர் தப்பினார். மருத்துவர் தேர்ந்தவர், மருந்தும் தரமானது. ஆயினும் உரிய மருந்து உரியவரைச் சென்றடையவில்லை.

இந்நிகழ்ச்சி என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நோயாளி என்பவர் மருத்துவமனையின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? அந்த அமானிதத்தைக் காப்பதற்கு நம் முன்னோர்கள் என்ன ஒழுங்குகளைக் கைக்கொண்டார்கள் என்று நூல்களைப் புரட்டியபோது, ஃபிக்ஹுச் சட்ட மேதையாகவும் மருத்துவ மேதையாகவும் ஒருசேர விளங்கிய ஒரு பெருந்தகையின் வாழ்வு கண்முன் விரிந்தது. அவர்களே இமாம் அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ (ரஹ்) அவர்கள். உலகம் அவர்களை இப்னுந் நஃபீஸ் என்று அறியும்.

பிறப்பும் கல்வியும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 607 (கி.பி. 1210) அளவில், சிரியாவின் டமாஸ்கஸ் எனும் திமிஷ்க் நகரை அடுத்த பகுதியில் பிறந்தார்கள். சிலுவைப் போர்களாலும் பின்னர் மங்கோலியரின் படையெடுப்பாலும் முஸ்லிம் உலகம் அலைக்கழிக்கப்பட்ட காலம் அது. அத்தகைய காலத்திலும் டமாஸ்கஸ் நகரில் கல்வியின் விளக்கு அணையாமல் ஒளிர்ந்தது.

அந்நகரில் ஸுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அவர்கள் 1154ஆம் ஆண்டில் நிறுவிய நூரிய்யா மருத்துவமனை இருந்தது. அது நோய் தீர்க்கும் இடமாக மட்டுமன்றி, மருத்துவம் கற்பிக்கும் கலாசாலையாகவும் திகழ்ந்தது. அங்கு முன்னர் பணியாற்றிய அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம் எனும் மருத்துவரின் அன்றாட நடைமுறையை வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்துள்ளார். அவர் தம் உதவியாளர்களுடனும் கண்காணிப்பாளர்களுடனும் ஒவ்வொரு நோயாளியாகச் சென்று பார்ப்பார். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தும் பத்தியமும் தாமதமோ அலட்சியமோ இன்றி நிறைவேற்றப்படும். அதன் பின்னரே மாணவர்களுடன் அமர்ந்து நூல்களை ஆராய்வார். பாடம் நோயாளியின் படுக்கையருகில் தொடங்கி நூலில் தொடர்ந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இந்த மரபில் வந்த முஹத்தபுத்தீன் அத்தக்வார் எனும் பேராசிரியரிடமே நம் இமாம் அவர்கள் மருத்துவம் பயின்றார்கள். 1230ஆம் ஆண்டில் மறைந்த அந்த ஆசிரியர், தம் சொந்த வீட்டையே மருத்துவக் கல்விக்கூடமாக வக்ஃபு செய்தவர். ஆசிரியரின் இச்செயல் மாணவரின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

மருத்துவத்துடன் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹையும், ஹதீஸ் கலையையும், அரபு இலக்கணத்தையும் இமாம் அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள். பின்னர் எகிப்தின் கெய்ரோ நகரில் குடியேறி, அங்குள்ள மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்தார்கள். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ (ரஹ்) அவர்கள் தம் நூலில் இவர்களுக்கும் இடமளித்துள்ளார்கள். மருத்துவத் துறையிலோ எகிப்து நாட்டின் தலைமை மருத்துவர் எனும் பதவி இவர்களைத் தேடி வந்தது.

ஏற்கப்பட்டதையும் சோதித்தறிந்த துணிவு

இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இரத்தம், நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகளின் வழியே இடப்பக்க அறைக்குச் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதனை மறுப்பார் இல்லை. மருத்துவ உலகின் தலைவராகக் கருதப்பட்ட இப்னு ஸீனாவும் இவ்விஷயத்தில் காலனின் வழியையே தழுவியிருந்தார்.

இப்னு ஸீனாவின் அல்கானூன் நூலிலுள்ள உடற்கூறு பகுதிக்கு 1242ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ முப்பதாம் வயதில், விரிவுரை எழுதிய நம் இமாம் அவர்கள் இக்கருத்தைத் துணிந்து மறுத்தார்கள். அந்த நடுச்சுவர் கெட்டியானது. அதில் துளை ஏதுமில்லை. வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கு காற்றுடன் கலந்து, அதன் பின்னரே இடப்பக்கத்தை அடைகிறது என்று தெளிவுபடுத்தினார்கள். ஐரோப்பாவில் இதே உண்மையை மைக்கேல் செர்வீட்டஸ் எழுதியது 1553இல். வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்தது 1628இல். இமாம் அவர்களின் கண்டுபிடிப்போ நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்து, 1924ஆம் ஆண்டில் முஹ்யித்தீன் அத்ததாவீ எனும் எகிப்திய மருத்துவரால், பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியின் வாயிலாக வெளிப்பட்டது.

பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் சரிபார்த்த இந்தப் பண்பே, நோயாளியின் பாதுகாப்புக்கும் அடித்தளமாகும். மருந்தை எடுத்துக் கொடுப்பவர், எழுதியவர் பெரிய மருத்துவர் என்று எண்ணி ஐயத்தை விழுங்கிவிட்டால், நோயாளி நஞ்சை விழுங்க நேரிடலாம்.

தேவைக்கு மேல் மருந்தில்லை

மருந்து கொடுப்பதில் இமாம் அவர்கள் கைக்கொண்ட நெறி கருத்தில் கொள்ளத்தக்கது. உணவால் தீர்க்கக்கூடிய நோய்க்கு அவர்கள் மருந்து எழுதமாட்டார்கள். ஒற்றை மருந்தால் தீருமாயின் பல சரக்குகள் சேர்ந்த கலவை மருந்தை எழுதமாட்டார்கள். மிக எளிய உணவுப் பொருட்களையே பல வேளைகளில் எழுதிக் கொடுப்பார்கள். இதனால் மனம் நொந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர், இப்படியே எழுதுவதானால் இறைச்சிக் கடையில் போய் அமர்ந்துகொள்ளலாம் என்றும், தம் கடையில் அமர்வதானால் சர்க்கரையும் சர்பத்தும் மருந்துகளுமே எழுத வேண்டும் என்றும் முறையிட்டாராம்! வணிகரின் வருமானத்தை விட நோயாளியின் நலமே பெரிதெனக் கருதிய மருத்துவரின் நிலை இதுவாகும்.

இன்று மருத்துவ உலகம் இதே எச்சரிக்கையை மீண்டும் விடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில், மருந்தினால் விளையும் தீங்கைத் தடுப்பதற்கென ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு சுமார் 4,200 கோடி அமெரிக்க டாலர் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. ஆபத்து மிகுந்த சூழல்கள், ஒரே நேரத்தில் பல மருந்துகளை உட்கொள்ளுதல், நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படும் வேளை ஆகிய மூன்றிலும் தனிக்கவனம் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. இவற்றுள் இரண்டாவதை நம் இமாம் அவர்கள் ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே தம் நடைமுறையால் உணர்த்திவிட்டார்கள்.

கவனிப்பு என்பது ஒருவர் கடமையன்று

இமாம் அவர்கள் அஷ்ஷாமில் எனும் பெயரில் 300 பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை எழுதத் திட்டமிட்டு, 80 பாகங்களை எழுதி முடித்தார்கள். அவற்றுள் கிடைத்துள்ள ஒரு பகுதியில் அறுவை சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரித்துள்ளார்கள். நோயாளி தம்மை ஒப்படைக்க, மருத்துவர் பாதித்த இடத்தை ஆராய்ந்தறிவது முதற்கட்டம். அறுவை செய்வது இரண்டாம் கட்டம். அதன் பின்னர் நலமடையும் வரை பேணுவது மூன்றாம் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவரின் கடமை என்ன, பணிவிடை செய்வோரின் கடமை என்ன, நோயாளியின் கடமை என்ன என்று தனித்தனியே விளக்கியுள்ளார்கள். நோயாளியைப் படுக்க வைக்கும் நிலையும் கருவிகளைக் கையாளும் விதமும் கூட அதில் இடம் பெறுகின்றன.

கத்தியைக் கீழே வைத்தவுடன் மருத்துவரின் பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதும், நோயாளிக்கும் இதில் பங்குண்டு என்பதும் இதனால் விளங்குகின்றன.

மன்ஸூரிய்யா மருத்துவமனையின் ஒழுங்குகள்

இமாம் அவர்களின் முதுமைக் காலத்தில், அவர்கள் வாழ்ந்த கெய்ரோ நகரிலேயே மாபெரும் மருத்துவமனை ஒன்று எழுந்தது. ஸுல்தான் மன்ஸூர் கலாவூன் ஆட்சிக்கு வருமுன் டமாஸ்கஸில் கடும் வயிற்று நோயால் வாடியபோது, நூரிய்யா மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்தார். அல்லாஹ் தமக்கு ஆட்சியை வழங்கினால் அத்தகைய மருத்துவமனை ஒன்றை நிறுவுவதாக அப்போது நேர்ந்துகொண்டார். 1284ஆம் ஆண்டில் அந்நேர்ச்சை நிறைவேறியது.

அம்மருத்துவமனைக்கென எழுதப்பட்ட வக்ஃபுப் பத்திரம் இன்று வாசிப்போரையும் வியக்க வைக்கிறது. செல்வர், ஏழை, ஆண், பெண், உள்ளூர்வாசி, வெளியூர்வாசி என்ற பாகுபாடின்றி அனைவருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. காய்ச்சல், கண் நோய், காயம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகளும், பெண்களுக்கெனத் தனிப்பகுதியும் இருந்தன. இவற்றினும் மேலாக நம் கவனத்திற்குரியவை, நோயாளியின் பாதுகாப்பிற்கென அப்பத்திரம் விதித்த ஒழுங்குகளாகும்.

மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய மருந்தையும் உணவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வாய்ச்சொல் போதாது. இரவில் அவர்கள் ஒன்றாகவோ முறை வைத்தோ மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். மருந்துக் கிடங்குக்கு மார்க்கப் பற்றும் நாணயமும் உள்ள ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவரைப் போன்ற மற்றொருவர் காலையும் மாலையும் நோயாளிகளுக்குரிய மருந்துக் கோப்பைகளைப் பெற்று, அவரவர்க்கு வழங்கி, ஒவ்வொருவரும் தமக்கு எழுதப்பட்டதையே அருந்துகிறாரா என்று நேரில் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரின் உணவும் தனிக் கிண்ணத்தில், பிறர் பங்கு கொள்ளாதவாறு, மூடி வைத்துக் கொடுக்கப்பட வேண்டும்.

சகோதரர்களே! சற்றுச் சிந்தியுங்கள். இன்றைய மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு ஐந்து சரிகள் என்று கற்பிக்கப்படுகின்றன. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பனவே அவை. நம் நாட்டில் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியம் 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. நோயாளியின் அடையாளத்தை உறுதி செய்தல், மருந்துகளை முறையாகச் சேமித்தல், கொடுத்ததைப் பதிவு செய்தல், நேர்ந்த தவறை மறைக்காமல் அறிவித்தல் ஆகியவை இன்றைய தர விதிகளின் உயிர்நாடி. எழுதுதல், பொறுப்பாளரை நியமித்தல், நேரில் நின்று கவனித்தல் ஆகிய மூன்றும் கெய்ரோவின் பத்திரத்திலும் இருந்தன. நான் முதலில் குறிப்பிட்ட அறையில், கோப்பையை ஏந்திய அந்த நம்பிக்கையாளரைப் போன்ற ஒருவர் நின்றிருந்தால், பெயர் ஒற்றுமை ஓர் உயிருக்கு உலை வைத்திருக்காது!

தவறுக்குப் பொறுப்பு யார்?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் இழப்புக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. இதன் அடிப்படையில் நம் முன்னோர்கள் மருத்துவத்தைக் கண்காணிப்புக்கு உட்படுத்தினார்கள். ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்தார். செய்தியறிந்த கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் எனும் தலைமை மருத்துவரின் தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது எனக் கட்டளையிட்டார். 860க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு உட்பட்டனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்கென எழுதிய நூலில் மற்றோர் ஒழுங்கைக் குறிப்பிடுகிறார். மருத்துவர் தாம் கண்டறிந்ததையும் கொடுத்த மருந்தையும் எழுதி, சாட்சிகளுடன் அதன் பிரதியை நோயாளியின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அவர்கள் அப்பிரதிகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். சிகிச்சை முறையாக இருந்தால் அவரது தவணை முடிந்தது என்பார். அலட்சியம் தென்பட்டால் மருத்துவரிடமிருந்து நஷ்டஈடு பெறுமாறு தீர்ப்பளிப்பார். பிற்காலத்தில் எகிப்தில் நம் இமாம் அவர்கள் வகித்த தலைமை மருத்துவர் பதவி எத்தகைய பாரம் நிறைந்த அமானிதம் என்பதை இதிலிருந்து உணரலாம். கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் அலட்சியத்தைக் கத்ரின் மேல் சுமத்தி மறைக்க ஷரீஅத் இடந்தரவில்லை.

எழுத்தும் எளிமையும்

இமாம் அவர்கள் எழுத அமர்ந்தால், கூர்மையாகச் சீவப்பட்ட எழுதுகோல்கள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நினைவிலிருந்தே வெள்ளமென எழுதுவார்கள். ஒரு கோல் மழுங்கினால் அதனை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒருமுறை குளியல் கூடத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வெளியே வந்து, மையும் தாளும் வரவழைத்து, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்த பின்னரே மீண்டும் குளிக்கச் சென்றார்கள். அவர்களின் அல்மூஜஸ் எனும் சுருக்க நூல் நம் இந்தியாவின் யூனானி மருத்துவக் கல்வியில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. கற்பதும் கற்பிப்பதும் நோய் தீர்ப்பதுமே அவர்களின் வாழ்வாயின.

இறுதி நாட்களும் வஸிய்யத்தும்

ஏறத்தாழ எண்பதாம் வயதில் இமாம் அவர்கள் நோயுற்றார்கள். ஆறு நாட்கள் நோய் நீடித்தது. சக மருத்துவர்கள் சிலர் மருந்தாகச் சிறிது மதுவை அருந்துமாறு ஆலோசனை கூறினர். தம் வயிற்றில் மதுவுடன் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை எனக் கூறி அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 687, துல்கஃதா பிறை 21இல் (கி.பி. 1288 டிசம்பர்) வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. இமாம் அவர்கள் தாமே தலைசிறந்த மருத்துவர். தம் நிலையைத் தாமே அறிந்தவர். இந்நிகழ்ச்சியைக் காரணம் காட்டி, மருத்துவர் எழுதித்தந்த மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் மாற்று மருந்து உண்டா எனக் கேட்பதும், ஆலிம்களிடம் மார்க்கச் சட்டத்தைத் தெளிவு பெறுவதுமே முறையாகும்.

இமாம் அவர்கள் சலவைக் கற்கள் பதித்த தம் இல்லத்தையும், அரிய நூல்கள் நிறைந்த தம் நூலகத்தையும் மன்ஸூரிய்யா மருத்துவமனைக்கே வழங்கிச் சென்றார்கள். ஆசிரியர் வீட்டை வக்ஃபு செய்தார். மாணவரும் அவ்வாறே செய்தார். இருபதாம் நூற்றாண்டில் அம்மருத்துவமனை இருந்த வளாகத்தில் ஒரு கண் மருத்துவமனை எழுப்பப்பட்டது. சுபஹானல்லாஹ்! ஸதகத்துல் ஜாரியாவின் தன்மை இதுவன்றோ?

நமக்குரிய பாடம்

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! மருத்துவமனையை நாம் நடத்தவில்லை. ஆயினும் நோயாளிக்குரிய கடமைகளை இமாம் அவர்கள் தனியே எழுதியுள்ளார்கள் என்பதைக் கண்டோம். நம்மில் ஒரே பெயருடையோர் பலர். எனவே அனுமதிச் சீட்டில் தந்தை பெயருடன் முழுப்பெயரையும் வயதையும் எழுதச் செய்யுங்கள். மருந்தோ ஊசியோ கொடுக்க வருபவரிடம் உங்கள் முழுப்பெயரை நீங்களே கூறி, இது எதற்குரியது எனப் பணிவுடன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. உட்கொண்டுவரும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், ஒவ்வாத மருந்தின் பெயரையும் சட்டைப்பையில் வைத்திருங்கள். மருந்துச் சீட்டைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே இந்திய மருத்துவக் குழு அறிவித்தது. படிக்க இயலாத சீட்டைத் திருப்பிக் காட்டி விளக்கம் கேளுங்கள். பக்கத்து வீட்டாருக்குக் குணமளித்த மாத்திரையை நீங்கள் வாங்கி விழுங்காதீர்கள்.

நம் மஹல்லாவின் பிள்ளைகள் பலர் செவிலியர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளில் நூறு மாத்திரைகளை வழங்கும் உங்களுக்கு அது ஒரு வேலையாகத் தோன்றலாம். ஆனால் நீட்டிய கையில் நீங்கள் வைப்பது ஓர் உயிரின் அமானிதம். பெயரைச் சரிபார்க்க நீங்கள் செலவிடும் அரை நிமிடம், நாளை மறுமையில் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணுவோருக்கு நாணயத்தையும் விழிப்பையும் நல்குவானாக! இமாம் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்கி, அவர்களின் வழியில் பயனுள்ள கல்வியையும் நிலையான தர்மத்தையும் விட்டுச் செல்ல நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.